பதிவு நீங்கும்வரை அந்த கார் உங்களுடையதுதான்

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறோம். 1999ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று பல ஆண்டுகளாக வீட்டுக்குக் கீழே சாலையோரம் ஓடாமல் நிற்கிறது. அடுத்த தெருவில் இப்படி நின்ற காரை யாரோ இரவில் கொளுத்திவிட்டார்கள். காயலான் கடைக்காரர் ரொக்கம் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காயலான் கடைக்குப் போனால் வண்டிதான் கண்ணைவிட்டு மறையும், பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கும். உங்கள் நம்பர் பிளேட்டும் சேஸிஸ் எண்ணும் திருட்டு வண்டி ஒன்றில் ஏறிவிட்டால், காவலர்கள் முதலில் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். வண்டி இனி ஓடவே ஓடாது என்றாகிவிட்டால், 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. எரிந்துபோன காருக்கும் இது பொருந்தும்.

நேர்வழி, 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற வாகன அழிப்பு மையம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் மையங்களைத் தேடலாம். கடன் பாக்கி, திருட்டுப் புகார் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே அவர்கள் வண்டியை ஏற்பார்கள். பழைய கடன் ஆர்.சி.யில் இன்னும் இருந்தால் வங்கியிடம் தடையில்லாச் சான்று வாங்கி முதலில் அதை நீக்குங்கள். வண்டியை ஒப்படைத்ததும் வைப்புச் சான்றிதழும், பிரித்து முடித்ததும் அழிப்புச் சான்றிதழும் கிடைக்கும். வைப்புச் சான்றிதழைக் காட்டிப் புதிய கார் வாங்கினால், சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது. காயலான் கடைக்காரர் அதிகம் கொடுத்தாலும் என் யோசனை மாறாது.

தள்ளிப்போடவும் வேண்டாம். ஜனவரி உறைபனியில் கருகிய புல், பிப்ரவரி, மார்ச்சில் நெருப்புக்குக் காத்திருக்கிறது. காரைச் சுற்றி உண்ணிச்செடி மண்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சரிவில் தீ மேல்நோக்கியே வேகமாக ஏறும். கீழே எரியும் வெப்பம் மேலே உள்ள செடிகளை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. உங்கள் வீடோ காருக்கு மேலே இருக்கிறது! இருக்கைப் பஞ்சு எரியும் புகையில் சயனைடு வாயு கலந்திருக்கும். ஆகவே தீப்பிடித்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு அருகே ஓடாமல், விலகி நின்று 101 அல்லது 112க்கு அழையுங்கள்.

தீ வைக்காவிட்டாலும் நிற்கும் கார் கெடுதிதான். என்ஜின் ஆயிலும் பேட்டரி அமிலமும் மண்ணில் இறங்குகின்றன. ரேடியேட்டரின் கூலண்ட் இனிக்கும் நஞ்சு. நாய்கள் நக்கிச் சாகின்றன. நம் ஓடைகள் கடைசியில் பவானியில்தான் கலக்கின்றன. தவிர, அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியைக் காவல்துறை அப்புறப்படுத்தலாம். இழுத்துச் செல்லும் செலவு உங்கள் தலையில்.

இப்போதைக்குப் பேட்டரியைக் கழற்றிப் பேட்டரி கடையில் கொடுங்கள். பெட்ரோலை மெக்கானிக்கை வைத்து வடித்துவிடுங்கள். காலி டாங்கியில் நிற்கும் ஆவி வெடிக்கக்கூடியது. அருகே பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. சுற்றியுள்ள செடிகளை வெட்டுங்கள். அழிப்பு மையத்துக்காகக் காரை மேட்டுப்பாளையம் பக்கம் இறக்க வேண்டியிருந்தால் கயிறு கட்டி இழுக்கவே வேண்டாம். பல ஆண்டுகள் நின்ற பிரேக்கை நம்பிக் கொண்டை ஊசி வளைவில் இறங்க முடியாது. ரெக்கவரி வண்டியில் ஏற்றியே அனுப்புங்கள்.