விண்கலத்துக்கும் கிரீன் கார்டுக்கும் ஒரே ரீ-என்ட்ரியா?

கேள்வி: விண்கலம் பூமிக்குத் திரும்புவதை ரீ-என்ட்ரி என்கிறார்கள். அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருக்கும் என் மகள், நீண்ட பயணத்துக்கு முன் ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கணும் என்கிறாள். இரண்டும் ஒன்றா?

பதில்: வேறு வேறுதான். பூமியைச் சுற்றும் கலம் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்துக்குள் பாயும்போது, முன்னால் இருக்கும் காற்று நசுங்கிக் கடுமையாகச் சூடாகிறது. உராய்வைவிட இந்த அழுத்தம்தான் வெப்பத்துக்கு முக்கியக் காரணம். வெப்பக் கவசம் பழுதானால் என்ன ஆகும்? 2003 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடம் திரும்பும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை இழந்தோம். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

சரி, உங்கள் மகள் விஷயம். ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் கிரீன் கார்டை மட்டும் காட்டித் திரும்ப முடியாது. அதற்குத்தான் ரீ-என்ட்ரி பெர்மிட். அதைக் கேட்டு விண்ணப்பிக்கும் ஐ-131 படிவத்தை அமெரிக்காவில் இருக்கும்போதே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். கிளம்பிய பிறகு முடியாது. பெர்மிட் அதிகபட்சம் 2 ஆண்டுகள் செல்லும். அது இருந்தாலும் உள்ளே அனுமதிப்பது எல்லை அதிகாரியின் முடிவு. அதனால் வீடு, வரித் தாக்கல் ஆவணங்களை உங்கள் மகள் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

அப்புறம், அமெரிக்காவில் தனியார் கலம் தரையிறங்கவும் அரசு உரிமம் வேண்டும். 2023 ஜூனில் ஏவப்பட்ட வார்டா நிறுவனத்தின் ஆளில்லாக் கலம், உரிமம் கிடைக்காமல் மாதக்கணக்கில் சுற்றிவிட்டு, 2024 பிப்ரவரியில்தான் யூட்டாவில் இறங்கியது.