அப்பாவின் கதிரைக் கையில் செய்த வேட்டை வில்

"காலமான அப்பா அம்மாவின் நினைவாகப் படம் மாட்டுவதைத் தவிர வேறு ஏதாவது செய்தீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்தோம். ஒரு வில். விளையாட்டு வில் இல்லை, மான் அடிக்கிற அசல் வேட்டை வில். கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிற குடும்பத்துக்கு வேட்டை வில் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். வில் இங்கே இல்லை. கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கும் அண்ணாவிடம் இருக்கிறது. அவர் அங்கே லைசன்ஸ் எடுத்து, இலையுதிர்காலத்தில் வில்லோடு காட்டுக்குப் போகிறவர். இலங்கையில் 1937ஆம் ஆண்டிலிருந்தே வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மானையோ, மரை என்கிற பெரிய மானையோ தொட்டால் சிறைதான். கொழும்பிலிருந்து போனது மரம் மட்டும்.

படம் ஏன் மாட்டவில்லை என்றால், மாட்டுவதற்கு நல்ல படம் இல்லை. அப்பாவின் இளவயதுப் படங்கள் எல்லாம் 1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு எரிந்து போயின. மிஞ்சியது பிற்காலத்தில் அடையாள அட்டைக்கு எடுத்தது. அதில் இருப்பவர் எங்கள் அப்பா மாதிரியே இல்லை, யாரோ ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர்.

எங்கள் அப்பா வேறு ஆள். பிறந்தது வாகரைப் பக்கம், மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் நடுவில் உள்ள கரை. அங்கே தமிழ் பேசுகிற கரையோர வேடர் குடும்பங்கள் இருக்கின்றன. இப்போது பெரும்பாலும் மீன்பிடியும், காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிரும்தான். அப்பா சிறுவனாக இருந்த காலத்தில் அவர்களில் ஒரு வயதான மனிதர் ஆளுயர வில் ஒன்றை வைத்திருந்தாராம். ஒற்றைத் தடி, மரப்பட்டை நாரில் திரித்த நாண். அப்பா அதை இழுத்துப் பார்க்கக் கேட்டு, பாதி தூரம் கூட வராமல் விட்டிருக்கிறார். இந்தக் கதையை எத்தனை முறை கேட்டோம் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் வில் கொஞ்சம் உயரும்.

உத்தியோகத்துக்காகக் கொழும்பு வந்த பிறகு அவருக்கு வில் செய்யக் கிடைத்தது உடைந்த குடைதான். குடைக்கம்பியை வளைத்து மீன்பிடி நரம்பைக் கட்டினால் வில், தென்னை ஈர்க்கு அம்பு. பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போவோம். பனங்கொட்டையை மணலில் குத்தி வைத்து அடிப்பது. அண்ணாவுக்கு அப்போதே கண் நேர். எனக்கு அம்பு கடலுக்குத்தான் போகும். தங்கை, இருவரையும் அடிப்பாள்.

அப்பா போன பிறகு ஆண்டுத் திவசத்துக்கு அண்ணா வந்திருந்தபோதுதான் இந்த யோசனையைச் சொன்னார். கனடாவில் கையால் வில் செய்து கொடுக்கும் ஒருவரிடம் மாதக்கணக்கில் வரிசையில் காத்திருந்து இடம் கிடைத்திருக்கிறது, "அப்பாட சாமான் ஏதாவது அதுக்குள்ள போகோணும்" என்றார். வீட்டில் பொருத்தமான மரம் ஒன்றுதான்: அப்பாவின் சாய்மனைக் கதிரை. முதிரை மரம், கால் நீட்டி வைக்கிற நீளமான கைகளோடு. வலது கையில் தேநீர்க் கோப்பை வைத்து வைத்து வட்டமாகக் கறுத்திருந்தது. அம்மா இடது கையைக் கழற்றிக் கொண்டுபோகச் சொன்னார். வலது கையை விடவில்லை.

வில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தெரியாதவர்களுக்காக. இது மூன்று துண்டாகக் கழற்றும் வில், நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த ரிகர்வ் வகை. நடுவில் மரக் கைப்பிடிப் பகுதி, மேலும் கீழும் திருகாணியில் பூட்டும் இரண்டு வில்தண்டுகள். தண்டுக்குள் மெல்லிய மூங்கில் பட்டைகள், இருபுறமும் கண்ணாடியிழை, எல்லாம் எப்பொக்சிப் பசையில் ஒட்டி அச்சில் இறுக்கி வெப்பத்தில் வைத்து எடுப்பது. கைப்பிடிக்கு நல்ல தடிப்பு வேண்டும். கதிரைக் கை அவ்வளவு தடிப்பில்லை. அதனால் அதை நீளவாக்கில் பிளந்து, நடுவில் கனடா மேப்பிள் வைத்து ஒட்டினார்கள். மஞ்சள் முதிரைக்கு நடுவில் வெள்ளைக் கோடு. முதிரை நல்ல பாரமான மரம், கைப்பிடி கனமாக இருந்தால் அம்பு விடும்போது கை அவ்வளவாக அதிராது. ஆனால் இழை மாறி மாறி ஓடுவதால் செதுக்கக் கஷ்டம். அதன் தூள் சிலருக்குத் தோலில் பட்டால் அரிப்பும் கொடுக்கும். செய்தவருக்கு முழங்கைவரை சிவந்துவிட்டதாம், அண்ணா மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

அளவில்தான் சண்டை. லண்டனில் இருக்கும் தங்கை, அப்பாவின் கை அளவுக்கே செய்ய வேண்டும் என்றாள். அப்பாவின் சட்டை இருக்கிறது, அளந்து அனுப்பலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாணை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது கை நீளத்தைப் பொறுத்தது. வில்லின் இழுவிசையை, அதாவது நாணை இழுத்துப் பிடிக்கத் தேவையான விசையை, வழக்கமாக 28 அங்குல இழுப்பில் குறிப்பார்கள். அண்ணாவின் வில் 45 இறாத்தல். ஓர் அங்குலம் குறைத்து இழுத்தால் ஏறக்குறைய இரண்டு, மூன்று இறாத்தல் குறையும். அப்பா குள்ளம், 26 அங்குலம் இழுத்திருந்தால் அதிகம். அப்படியானால் விசை 40 இறாத்தலில் வந்து நிற்கும். ஒன்டாரியோவில் மான் வேட்டைக்கு 700 மில்லிமீற்றர் இழுப்புக்குள் குறைந்தது 18 கிலோ, அதாவது 39.7 இறாத்தல் விசை வேண்டும். அப்பாவின் கை சட்டத்தின் விளிம்பில் நிற்கிறது! தவிர, மற்றவர் அளவில் செய்த வில்லை அண்ணா சுவரில்தான் மாட்டுவார். சுவரில் மாட்டுவதற்குக் கதிரையே போதுமே. பாவிக்க முடியாத நினைவுப் பொருளில் எனக்கு நம்பிக்கை இல்லை. தங்கை ஒரு வாரம் குடும்பக் குழுமத்தில் எதுவும் எழுதவில்லை, அப்புறம் சரி என்றாள்.

அம்மாவின் பிரச்சினை அதைவிடப் பெரிது. வில்தண்டில் "அப்பா" என்று எழுதுவதாக அண்ணா சொன்னதும் தொலைபேசியிலேயே, "அவர்ட பேர எழுதிப்போட்டு உசிர்க்கொலையா மனே?" என்று கேட்டார். அண்ணாவிடம் பதில் இல்லை. அப்பா மரை வத்தல், அதாவது காயவைத்த மரை இறைச்சி என்றால் உயிரை விடுவார் என்பது அம்மாவுக்கும் தெரியும், ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சாப்பிட்டவர் என்பதற்காகச் செத்த பிறகு அவர் பெயரில் கொல்லலாமா? நான் இன்றுவரை இதில் எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கவில்லை.

வழி காட்டியது வில்லின் அமைப்பு. தண்டு வந்து கைப்பிடியில் பூட்டும் இடத்தில் எழுதினால், வில்லைக் கழற்றும்போது மட்டும்தான் எழுத்து தெரியும். காட்டில் இருக்கும்போது பெயர் மூடியிருக்கும். அம்மா, "ம்" என்றார். அந்த "ம்" சம்மதம்தான் என்று அண்ணா எடுத்துக்கொண்டார். நான் தாளில் பெரிதாக எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். வில் செய்தவர் மையால் அதைப் பார்த்து வரைந்து மேலே மெருகு பூசுவதாக ஏற்பாடு. முதல் தடவை புள்ளியில்லாமல் "அபபா" என்று வந்தது. படத்தில் விழுந்த தூசி என்று நினைத்து விட்டுவிட்டாராம். மெருகு பூசும் முன் அண்ணா பார்த்ததால் தப்பியது.

நீங்களும் இப்படி எதையாவது செய்விக்க நினைத்தால் ஒன்று மட்டும் சொல்வேன்: பழைய பொருளை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் கதிரை இப்போதும் பால்கனியில் இருக்கிறது. ஓடாவியார் தேக்கில் புது இடது கை போட்டுக் கொடுத்தார். நிறம் சேரவில்லை என்று அம்மாவுக்குக் குறை, ஆனால் பின்னேரம் அதில்தான் இருக்கிறார்.

அண்ணாவுக்கு அந்த வில்லில் ஒரு வெள்ளைவால் மான் கிடைத்தது. வத்தல் போட வேண்டும் என்று அம்மாவிடமே கேட்டார். உயிர்க்கொலை பற்றிப் பேசிய அதே அம்மா, எலும்பில்லாமல் நீளமாகக் கீறு, உப்பும் மஞ்சளும் மட்டும் போடு, மிளகாய்த்தூள் கூடாது, வெயில் இல்லாவிட்டால் அடுப்புப் புகையில் தொங்கப்போடு என்று அரை மணித்தியாலம் சொன்னார். அங்கே நவம்பரில் ஏது வெயில்? புகை போட்டால் வீட்டு அலாரம் அடிக்கும். கடைசியில் மின்சார உலர்த்தியில் காயவைத்திருக்கிறார். மரையின் ருசிக்குக் கிட்டவும் வராது என்கிறார்.