பணவீக்கம் குறைந்தும் சாமான் விலை ஏன் இறங்கவில்லை?

"2023 செப்டெம்பரில் பணவீக்கம் வெறும் 1.3 வீதமாம், பால்மா விலை மட்டும் ஏன் பழையபடி வரவில்லை, பொய்க்கணக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொய் இல்லை. இலங்கையில் பணவீக்கம் சொல்ல, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை, அதாவது வீட்டுச் சாமான்களின் சராசரி விலையைக் காட்டும் எண்ணை, முந்தைய வருடம் அதே மாதத்தோடுதான் ஒப்பிடுவார்கள். 2022 செப்டெம்பரில் அது கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியிருந்தது, அதாவது 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 2022இல் 170 ஆகி, 2023இல் கிட்டத்தட்ட 172 ஆனது. 170க்கு மேல் ஏறிய அந்தக் கடைசி 2 ரூபாய் சொச்சம்தான் நீங்கள் கேள்விப்பட்ட 1.3 வீதம், முந்தைய 70 அப்படியே நிற்கிறது. பால்மாவுக்கு டொலரில் காசு கட்டுகிறோம், மத்திய வங்கி 200 ரூபாயளவில் பிடித்து வைத்திருந்த டொலரை 2022 மார்ச்சில் விட்டதும் அது மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது, பிறகு இறங்கினாலும் 200க்கு வரவில்லை. சரி, சம்பள உயர்வு கேட்கும்போது முதலாளியைத் தயவுசெய்து 1.3ஐக் காட்ட விடாதீர்கள், 2021இலிருந்து கணக்குப் போட்டுக் கேளுங்கள்.