வயலில் ஒரு துளைக்குழாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐ.நா. 2015-ல் வகுத்த 17 வளர்ச்சி இலக்குகளை 2030-க்குள் எட்ட அறிவியல்தான் வேகம் கூட்டும் என்கிறார்கள். ஆய்வுக்கட்டுரைகள் குவிகின்றன. வயலுக்கு என்ன வந்தது? எங்கே தடைபடுகிறது? நெல்லை வைத்தே சொல்லுங்களேன்.

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை இடையிடையே காயவிட்டு நீர் கட்டுவதையே எடுத்துக்கொள்வோம். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதை ஒரு குழாய்த் துண்டில் அடக்கிவிட்டது. 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டம்; பிவிசி இல்லையென்றால் மூங்கில். அடியிலிருந்து 20 செ.மீ. வரை சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி இறக்க வேண்டும். மேல்நீர் வற்றிய பிறகும் உள்ளே எட்டிப் பார்த்தால் நீர்மட்டம் தெரியும். தரைக்குக் கீழே 15 செ.மீ. போகும்வரை பயிர் வாடாது. போனதும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டினால் போதும்.

இப்படிச் செய்தால் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகும். தேங்கிய நீரடியில் காற்றில்லாத சேற்றில்தான் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உண்டாகிறது. மண் காய்ந்து காற்றேறும்போது அது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது.

கெடுவது சின்ன விஷயங்களில்தான். குழாய்க்குள் ஏறிய சேற்றை அடிவரை அள்ளாவிட்டால் துளை அடைத்து, வெளியே வற்றினாலும் உள்ளே நீர் நிற்கும். பள்ளத்தில் நட்ட குழாய் மேட்டுப் பயிரின் தாகத்தைக் காட்டாது. நட்டவுடன் காயவிட்டால் களை முந்தும்; இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை நீர் நிற்க வேண்டும், இல்லையேல் பதர்தான். யூரியாவைக் காய்ந்த மண்ணில் தூவி உடனே நீர் பாய்ச்சுங்கள். தூவியபின் காயவிட்டால் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, அடுத்த பாய்ச்சலில் நைட்ரஸ் ஆக்சைடாகவும் நைட்ரஜனாகவும் பறந்துவிடும். உங்கள் பகுதிக் களிமண்ணில் வெடிப்பு விழவிடக் கூடாது, பாய்ச்சும் நீர் அதன்வழியே அடிக்கு ஓடிவிடும்.

இத்தனையும் தெரிந்தும் ஏன் பரவவில்லை? பிலிப்பைன்ஸின் டார்லாக்கில் ஆழ்குழாய்ப் பம்பு வைத்தவர்கள் சீக்கிரம் ஏற்றார்கள், ஒரு பாய்ச்சல் குறைந்தால் எரிபொருள் காசு கையில் நின்றது. ஏக்கர் கணக்கில் ஒரே தீர்வை கட்டும் வாய்க்கால் பாசனத்தில் மிச்சம்பிடித்தவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அவர் விட்ட நீர் கடைமடைக்குப் போனால்கூட நன்மை வேறொருவருக்கு. இலவச மின்சாரத்தில் ஓடும் நம் பம்புசெட்டுக்கும் இதே கதைதான். அதே பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் பாசனத்துறையே முறைவைத்து நீர் விட்டது. தலைமடைக்காரரின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கவில்லை, கடைமடைக்கும் நீர் எட்டியது.

எனவே தடை ஆய்வுக்கூடத்தில் இல்லை, மடையில் இருக்கிறது. குழாய்களை இலவசமாகக் கொடுத்துவிட்டு முறைப்பாசன அட்டவணையைத் தொடாமல் விடும் திட்டத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. உங்கள் பாசன சங்கத்தில் ஒரு கிளை வாய்க்காலை மட்டும் எடுங்கள். தலை, நடு, கடை மூன்றிலும் குழாய் நட்டு, அந்த அளவைப் பார்த்தே மடை திறக்கும் நாளை முடிவுசெய்யச் சொல்லுங்கள்.