படிவத்தில் இல்லாத கட்டம்

அன்புள்ள ஐயா,

கோல் விழும் கணத்தைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். படித்து முடித்ததும் கொஞ்சம் கோபமும் வந்தது. அதை எழுதிவிடுகிறேன்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கால்பந்து அணியில் மூன்று ஆண்டுகளாகப் பின்களத்தின் நடுவில் ஆடுகிறாள். இந்தப் பருவத்தில் 18 ஆட்டங்களில் அவர்கள் அணி வாங்கிய கோல்கள் ஒன்பதுதான். எங்கள் வட்டாரப் பத்திரிகை பள்ளி ஆட்டங்களை விடாமல் வெளியிடும். கோல் அடித்த பெண்ணின் பெயர் முதல் வரியில் வரும். கோல்கீப்பரின் பெயர் கடைசி வரியில், ஓர் எண்ணோடு வரும். என் மகளின் பெயர் இந்த மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு முறை வந்தது. அவள் பெனால்ட்டி கொடுத்துத் தோற்ற நாளில்.

பத்திரிகைக்கு எழுதிக் கேட்கட்டுமா என்றால், கூடவே கூடாது என்கிறாள். நான் கேட்க நினைப்பது தவறா? பாசம் என் கண்ணை மறைக்கிறதா? உங்கள் கட்டுரையிலும் ஒரு தடுப்பாட்டக்காரர் இல்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

(மகள் பள்ளி மாணவி என்பதால் பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

பாசம் கண்ணை மறைக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் பார்த்தது சரி. அந்தக் கடைசி வரியை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் இரண்டு இலையுதிர் பருவங்கள் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் மாலை நேர வேலை பார்த்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஏழு மணிக்கு மேல் பயிற்சியாளர்கள் வரிசையாகத் தொலைபேசியில் அழைப்பார்கள். அவர்கள் சொல்வதைப் படிவத்தில் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இன்றைக்கும் வரைவேன். மேலே இரு அணிகளின் பெயர். அடுத்து முதல் பாதி, இரண்டாம் பாதி, மொத்தம். அதன் கீழே கோல் அடித்தவர், அதற்குப் பந்து கொடுத்து உதவியவர். கடைசியில் கோல்கீப்பர், அவர் தடுத்த பந்துகள். அவ்வளவுதான். களத்தில் இறங்கும் பதினொரு பேரில் பின்வரிசை நால்வருக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. பார்க்க முடியாது, ஒரே பிற்பகலில் எங்கள் வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் நடக்கும், இருந்த ஒரே நிருபரை வெள்ளிக்கிழமை நடக்கும் அமெரிக்கக் கால்பந்து விழுங்கிவிடும். ஆகவே கட்டங்களில் இருப்பதை வாக்கியமாக்கினால் செய்தி தயார்.

ஒரு மாலை, பெண்கள் அணியின் பயிற்சியாளர் ஒருவர் அழைத்தார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றிருந்தார்கள். மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மைதானத்திலிருந்தே பேசினார் என்று நினைக்கிறேன். விவரங்களைச் சொல்லி முடித்தவர், வைக்காமல், "நான்காம் எண் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்" என்றார். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது எதிரணி முன்களப் பெண் பந்தோடு தனியாக வந்துவிட்டாளாம். நான்காம் எண் பாயவில்லை. காலை நீட்டவும் இல்லை. ஒரு தோளைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு பின்னோக்கியே நடந்தாள். கோல் இருக்கும் பக்கத்தை அடைத்துக்கொண்டு ஓரத்தை மட்டும் திறந்துவிட்டாள். வந்தவள் ஓரமாகவே போனாள், போய்க்கொண்டே இருந்தாள், கடைசியில் மூலைக் கொடியருகே பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. யாரும் கைதட்டவில்லை என்றார் பயிற்சியாளர்.

என் பேனா படிவத்துக்கு மேலே நின்றது. "அவள் கோல் அடித்தாளா?" என்று கேட்டேன். இல்லை. "கோலுக்கு உதவினாளா?" இல்லை. அதற்குள் அடுத்த தொலைபேசி மணியடித்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கக்கூட இல்லை.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்பதுதான் சங்கடம். நல்ல தடுப்பாட்டம் தன் தடயத்தைத் தானே அழித்துவிடுகிறது. கோல் நடந்த ஒன்று. அதற்கு ஒரு நிமிடம் உண்டு, ஒரு கால் உண்டு, ஒரு பெயர் உண்டு. நடக்காமல் போனதற்கு எந்த நிமிடம் என்று போடுவது? விழுந்து புரண்டு பந்தைப் பறிக்கும் தடுப்பாட்டக்காரருக்காவது கைதட்டல் கிடைக்கும். முன்கூட்டியே சரியான இடத்தில் போய் நின்றவருக்கு அதுவும் இல்லை. அவர் நிற்பதைப் பார்த்து எதிரணிப் பெண் பந்தை வேறு பக்கம் தள்ளிவிடுகிறாள். பார்ப்பவனுக்கு அங்கே எதுவுமே நடக்கவில்லை. தவறினால் மட்டும் அவர் கண்ணில் படுகிறார், உங்கள் மகள் அந்தப் பெனால்ட்டியில் பட்டதுபோல.

கபடியில் இந்தக் கஷ்டம் இல்லை. பாடி வருபவனைப் பிடித்தால் பிடித்த அணிக்குப் புள்ளி. அதனால்தான் பிடிகாரர்களுக்கும் நம் ஊர்களில் பெயர் உண்டு, சுவரொட்டியில் படம் உண்டு. கால்பந்தில் பறித்தாலும் பூஜ்யம்தான், மறித்தாலும் பூஜ்யம்தான். நம் இலக்கணக்காரர்களுக்கே காப்பவனைத் தனியாகக் கண்டுகொள்ள நாளாயிற்று என்பதைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். தொல்காப்பியத்தில் மதிலை முற்றுகையிடுவதும் காப்பதும் உழிஞை என்ற ஒரே திணைக்குள் அடக்கம். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலைதான் மதில் காப்பவனுக்கு நொச்சி என்று தனித் திணையும் தனிப் பூவும் கொடுத்தது.

கோல்கீப்பருக்காவது ஓர் எண் கிடைக்கிறதே என்பீர்கள். அந்த எண் பாதி நேரம் பொய் சொல்லும். உங்கள் மாநிலத்தவர், நார்த் பிரன்ஸ்விக்கில் வளர்ந்த டிம் ஹோவர்ட், 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக 16 பந்துகளைத் தடுத்ததாக அன்று கணக்கிட்டார்கள். நாடே அவரைக் கொண்டாடியது. விக்கிப்பீடியாவில் யாரோ அவரைப் பாதுகாப்புத் துறை அமைச்சராகவே மாற்றிவிட்டார்கள். அமெரிக்கா 2-1 என்று தோற்றது. ஹோவர்ட் அன்று ஆடியது அபாரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 16 என்பது அவருக்கு முன்னால் இருந்த வரிசை எத்தனை முறை உடைந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. உங்கள் மகளின் அணிக்குப் பின்னால் நிற்கும் கோல்கீப்பருக்குக் கடைசி வரியில் 2 அல்லது 3 என்றுதான் வந்திருக்கும், இல்லையா? அந்தச் சின்ன எண்ணில்தான் உங்கள் மகள் இருக்கிறாள். படிப்பவருக்கோ, அந்தக் கோல்கீப்பருக்கு அன்று வேலையே இல்லை என்று தோன்றும். வேலை இல்லாதவரா அவர்? எண்பது நிமிடமும் கத்திக் கத்தி அந்த வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தது யார்?

இது பள்ளி மைதானத்தோடு நிற்கும் வழக்கம் இல்லை. 1963இல் சோவியத் கோல்கீப்பர் லெவ் யாஷினுக்குக் கிடைத்த, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்து (Ballon d'Or) விருது, அதற்கு முன்னும் பின்னும் வேறு எந்தக் கோல்கீப்பருக்கும் கிடைக்கவில்லை. அமெரிக்காவும் சீனாவும் மோதிய 1999 பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 90,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கூடுதல் நேரத்தில் சீன வீராங்கனை தலையால் முட்டிய பந்து அமெரிக்கக் கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. கோட்டருகே நின்ற கிறிஸ்டீன் லில்லி அதைத் தலையால் வெளியே தள்ளினார். பிறகு பெனால்ட்டிகளில் மூன்றாவது சீன உதையை பிரையானா ஸ்கர்ரி பாய்ந்து தடுத்தார். இவை இரண்டும் இல்லாமல் அமெரிக்காவின் வெற்றி இல்லை. ஆனால் உலகம் வைத்திருக்கும் படம், கடைசி உதையை அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மண்டியிட்ட பிராண்டி சாஸ்டெய்னுடையது.

சாஸ்டெய்ன் யார் தெரியுமா? அன்று பின்களத்தில் ஆடியவர், தடுப்பாட்டக்காரர்தான்! அதற்குச் சில நாட்களுக்கு முன் ஜெர்மனியுடனான காலிறுதியில், தன் கோல்கீப்பருக்கே பந்தைத் தள்ளப்போய்ச் சொந்த வலையில் கோல் போட்டவர். பிறகு அதே ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் ஒரு கோல் அடித்து ஈடுகட்டினார். அந்தப் போட்டியில் அவரைப் பற்றி நினைவில் நிற்பவை இந்த மூன்று கோல்கள்தான். இடையில் மணிக்கணக்காக அவர் எதிராளிகளை மறித்து நின்றதற்குப் படம் இல்லை. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பருவ முடிவில் வரும் மாவட்ட, மாநில அணிப் பட்டியல்களில் தடுப்பாட்டக்காரர்களுக்கு இடம் உண்டே என்று சிலர் சொல்வார்கள். உண்டு. அணி என்று போட்டால் பின்வரிசையையும் போட்டுத்தானே ஆக வேண்டும்? அந்தப் பட்டியல்களுக்குப் பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் இடங்களில் தேர்வு பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும், ஏனென்றால் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள். ஆகவே படிவத்தில் புதிய கட்டம் சேர்க்கச் சொல்லி நான் வாதாட மாட்டேன். பறித்த பந்துகளை எண்ணத் தொடங்கினால், பறிக்க வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு அங்கேயும் பூஜ்யம்தான் விழும். ஆட்டத்தைப் பார்த்த ஒருவர் எழுதும் ஒரு வாக்கியம் போதும். மழையில் நின்றுகொண்டு அந்தப் பயிற்சியாளர் என்னிடம் சொன்னது அதைத்தான்.

இனி உங்கள் கேள்வி. பத்திரிகைக்கு எழுதுங்கள், ஆனால் உங்கள் மகளைப் பற்றி எழுதாதீர்கள். அவள் கூடாது என்று சொன்னதை மதிக்க வேண்டும். அப்பா கடிதம் எழுதி வாங்கித் தந்த பெயரோடு மறுநாள் உடைமாற்றும் அறைக்குள் நுழைய எந்தப் பதினாறு வயதுப் பெண்ணாலும் முடியாது. அவளுக்கு வலப்பக்கத்தில் ஆடும் பெண் ஒருத்தி இருப்பாள் அல்லவா, அவளைப் பற்றி எழுதுங்கள். குறை சொல்லி எழுத வேண்டாம். ஆசிரியர் குழுவில் மிஞ்சியிருப்பவர்களுக்கு அறிவுரைக் கடிதங்கள் ஏற்கெனவே நிறைய வருகின்றன. எத்தனையாவது நிமிடம், எந்த இடம், அவள் என்ன செய்தாள் என்று மூன்று வரி. அதைப் பயிற்சியாளரிடமும் கொடுத்து, முடிவை அனுப்பும்போது சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டத் தயாரான வாக்கியத்தை எந்தத் துணையாசிரியனும் தூக்கிப் போட மாட்டான். நானே போட்டிருக்க மாட்டேன்.

எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். அடுத்த பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமான அலுமினியப் படிகளில் உட்காராதீர்கள். அனுமதித்தால் உங்கள் கோலுக்குப் பின்பக்க வேலியோரம் போய் நில்லுங்கள். முதல் பாதி நாற்பது நிமிடமும் பந்தைப் பார்க்காமல் அந்த வலப்பக்கப் பெண்ணை மட்டும் பாருங்கள். கஷ்டம்தான். கண் தானாகவே பந்தின் பின்னால் ஓடும், இழுத்துக்கொண்டு வர வேண்டும். பந்து எதிர்ப்பாதியில் இருக்கும்போது அவள் எங்கே நடக்கிறாள், யாரைத் திரும்பிப் பார்க்கிறாள், கையை நீட்டி யாரை எங்கே போகச் சொல்கிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். என் கட்டுரையில் தடுப்பாட்டக்காரர் இல்லை என்ற குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் குறிப்பை அதே கட்டுரையின் கீழே வெளியிடுகிறேன். அந்தப் பெண்ணும் அவள் வீட்டாரும் சம்மதித்தால், பெயரோடு.