வாயாடிக்கு வேலை உண்டா?

அன்புள்ள ஐயா,

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். மகள் பள்ளி இறுதியாண்டு. மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் "கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம்பா, அது மனுஷங்களை என்ன பண்ணுதுன்னு படிக்கணும்" என்கிறாள். ஏஐக்குக் கடிவாளம் போடலாமா, கருவிலேயே மரபணுவைத் திருத்தலாமா என்று பேச்சு மேடைகளில் வாதாடிப் பரிசு வாங்கி வருகிறாள். வீட்டில் 'வாயாடி' என்று பெயர். "இந்த வாய் இவளுக்குச் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடும். ஆனால் வாய் மட்டும் போடாது. அதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன், கொஞ்சம் நீளமாக.

முதலில் உங்கள் மைத்துனர் அனுப்பிய '47 சதவீத வேலைகள் காலி' என்ற செய்தி. அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2013இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் என்ற இருவர் அமெரிக்காவின் 702 தொழில்களை வரிசைப்படுத்தி, அந்நாட்டு வேலைகளில் 47 சதவீதம் இயந்திரமயமாகக்கூடிய நிலையில் இருக்கின்றன என்று கணக்கிட்டார்கள். 'தொழில்நுட்ப அளவில் முடியும்' என்றார்கள். 'போய்விடும்' என்று செய்திகள் மாற்றிக்கொண்டன. 2016இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்புக்காக வேறொரு குழு 21 நாடுகளை எடுத்துப் பார்த்தபோது கிடைத்த சராசரி 9 சதவீதம். ஏன் இத்தனை வித்தியாசம்? முதல் குழு தொழிலை முழுசாக எண்ணியது. இரண்டாவது குழு தொழிலுக்குள் இருக்கும் பணிகளைப் பிரித்து எண்ணியது. ஒரு கணக்கர் கணக்கு மட்டுமா எழுதுகிறார்? வராத பணத்துக்கு ஆள் பிடிக்கிறார், முதலாளியின் கோபத்தைத் தணிக்கிறார், தணிக்கைக்கு வந்தவருக்கு விளக்கம் சொல்கிறார். எண்ணும் முறை மாறினால் எண்ணும் மாறும்.

பெரிய தலைகளே சறுக்கிய இடம் இது. ஜெஃப்ரி ஹின்டன், இன்றைய ஏஐக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 2016இல் அவர், ஊடுகதிர்ப் படம் பார்த்து நோய் சொல்லும் மருத்துவர்களை உருவாக்குவதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். ஐந்தும் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. அந்த மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பல நாடுகளில் அவர்களுக்குப் பற்றாக்குறை. ஏஐயும் அவர்கள் அறைக்குள் வந்துவிட்டது, அவர்களுக்குக் கையாளாக. தாம் பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டதாகப் பிறகு ஹின்டனே ஒப்புக்கொண்டார். 2016இல் அந்தப் பேச்சைக் கேட்டுப் பிள்ளையின் விருப்பத்தை மாற்றிய பெற்றோர் எங்கோ இருந்திருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆகவே 'எந்த வேலையை இயந்திரம் தொடாது?' என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. கணினி படித்தால் பயமில்லை என்ற பழைய உத்தரவாதமும் ஆட்டம் கண்டுவிட்டது. நிரல் எழுதும் வேலையிலேயே ஏஐ கை வைக்கத் தொடங்கிவிட்டதே. எனக்கு உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. புதிய தொழில்நுட்பம் வரும், ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போடும், அந்தச் சண்டை முடியும் இடத்தில் சில புதிய நாற்காலிகள் போடப்பட்டிருக்கும். உங்கள் மகள் பார்த்துக்கொண்டிருப்பது அந்த நாற்காலிகளைத்தான். அவளுக்கே அது இன்னும் தெரியாது.

எனக்குப் பிடித்த ஒரு கதை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரம், 1976. ஓர் உயிரியின் மரபணுவை வெட்டி இன்னொன்றில் ஒட்டும் வித்தை அப்போது புத்தம் புதிது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கலிஃபோர்னியாவின் அசிலோமரில் விஞ்ஞானிகள் கூடி, இதை எவ்வளவு எச்சரிக்கையோடு செய்வது என்று தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அந்த ஆராய்ச்சிக்கு ஓர் ஆய்வகம் கட்ட முனைந்தது. நகர மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சி, எங்கள் ஊரில் எங்களைக் கேட்காமலா என்று நகரமன்றத்தில் விசாரணை வைத்தார். நோபல் பரிசு பெற்றவர்கள் இரு பக்கமும் நின்று வாதாடினார்கள். ஆராய்ச்சிக்கு மூன்று மாதம் தடை விழுந்தது, பிறகு அது நீண்டது.

நகரம் அடுத்துச் செய்த காரியம்தான் விசேஷம். பொதுமக்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. ஒரு செவிலியர், ஒரு பொறியாளர், ஒரு சமூகப் பணியாளர், எரியெண்ணெய் வியாபாரி ஒருவர் என்று அதில் இருந்தார்கள். மரபணு ஆராய்ச்சியாளர் ஒருவரும் இல்லை. பல மாதம் உட்கார்ந்து இரு தரப்பையும் குறுக்குவிசாரணை செய்து, சில பாதுகாப்பு நிபந்தனைகளோடு ஆராய்ச்சியை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். 1977 பிப்ரவரியில் அது நகரச் சட்டமாயிற்று. இனி எந்த நிறுவனமும் கேம்பிரிட்ஜ் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்று அன்று சொன்னவர்கள் உண்டு. நடந்தது தலைகீழ். விதி இன்னதென்று தெளிவாக இருந்ததால் நிறுவனங்கள் துணிந்து வந்தன. உயிரித் தொழில்நுட்பத்துக்கு உலகிலேயே பெயர்போன இடங்களில் ஒன்று இன்று அந்த நகரம்.

அந்தக் குழுவில் ஷெல்டன் கிரிம்ஸ்கி என்று ஓர் இளம் பேராசிரியர் இருந்தார். இயற்பியல் படித்துவிட்டுத் தத்துவத்துக்கு வந்தவர். 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று உங்கள் மகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதே ரகம். அறிவியலும் சமூகமும் உரசும் இடத்தையே அவர் தம் வாழ்நாள் தொழிலாக்கிக்கொண்டார்; அமெரிக்க அரசின் மரபணு ஆலோசனைக் குழுவிலும் இடம்பெற்றார், புத்தகங்கள் எழுதினார், தலைமுறைகளுக்குப் பாடம் எடுத்தார். பிரிட்டனிலும் இதே கதைதான். 1978இல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்து நாடே வாதிட்டபோது, வழிகாட்டும் குழுவுக்குத் தலைமை ஏற்க அரசு அழைத்தது மேரி வார்னாக் என்ற தத்துவவாதியை. கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வைத்து ஆராயக் கூடாது என்ற வரம்பு 1984இல் அவர் குழு கொடுத்த அறிக்கையில் வந்தது. 1990இல் அது சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த ஓர் ஆணையமும், அதில் உரிமம் வழங்குவோர், ஆய்வு செய்வோர் என்று சம்பளத்துக்கு ஆட்களும் வந்தார்கள்.

இன்று அந்த நாற்காலிகளுக்கு என்ன பெயர் என்றால், பெரும்பாலும் மேடையில் கைதட்டல் வாங்காத பெயர்கள். தரவுப் பாதுகாப்பு அலுவலர்: 2018இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி நடப்புக்கு வந்தபின் பல நிறுவனங்கள் இப்படி ஒருவரை வைத்தே தீர வேண்டியதாயிற்று. 2024இல் அமலுக்கு வந்த அதே ஒன்றியத்தின் ஏஐ சட்டம், ஆபத்து அதிகமுள்ள பயன்பாடுகளுக்கு மனித மேற்பார்வை வேண்டும், ஆவணம் வேண்டும் என்கிறது. அதைச் செய்துகொடுக்க ஆள் வேண்டும். உயிரிப் பாதுகாப்பு அலுவலர், மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் செயலர், அல்காரிதத் தணிக்கையாளர் (கணினி முடிவெடுக்கப் பின்பற்றும் விதிமுறையைச் சோதிப்பவர்), தர நிர்ணயம் எழுதுபவர், தொழில்நுட்பச் செய்தியாளர், நுகர்வோர் அமைப்பின் ஆய்வாளர்... பட்டியலை இதோடு நிறுத்துகிறேன். ஏனென்றால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்த வேலைகளுக்குப் படித்து முடித்த கையோடு ஆள் எடுப்பது குறைவு. பெரும்பாலானவர்கள் வேறொரு துறையில் சில ஆண்டு உழைத்துவிட்டுப் பக்கக் கதவு வழியாக வந்தவர்கள். அரசியல் காற்றும் மாறும். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல 1972இல் தொடங்கிய தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்தை, செலவைக் குறைக்கிறோம் என்று 1995இல் இழுத்து மூடினார்கள். இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

போன வாரம் அவள் என்னிடம் வந்தபோது ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். உங்களிடம் சொன்னாளா தெரியவில்லை. 2020இல் இங்கிலாந்தில் கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் மாணவர்களுக்கு உத்தேச மதிப்பெண் கொடுத்து, வகுப்பில் யார் முதல், யார் கடைசி என்று வரிசையும் கொடுத்தார்கள். அரசின் அல்காரிதம் அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் வாங்கிய தரங்களைப் பார்த்து, அந்த வரிசை மேல் பொருத்தியது. ஆசிரியர் கொடுத்த தரங்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கீழே இறங்கின. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அரசு அதைக் கைவிட்டது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "எங்கே தப்பு?" என்று கேட்டேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. "அப்போ சுமாரான ஸ்கூல்ல முதல்முறையா ஒருத்தி பிரமாதமா படிச்சிருந்தா? அவளுக்கு முன்னாடி படிச்சவங்க மார்க்கைத்தானே அவளுக்குக் கொடுக்கும்?" என்றாள். சபாஷ் என்றேன். உடனே அடுத்தது: "பத்துப் பேரே இல்லாத வகுப்புன்னா கணக்கு எப்படி நிக்கும்?" ஐயா, அவள் தொட்டது சரியான நரம்பு. மிகச் சிறிய வகுப்புகளுக்குப் புள்ளிவிவரம் நிற்காது என்று ஆசிரியர் கொடுத்த தரத்தையே விட்டுவைத்திருந்தார்கள். சிறிய வகுப்பு அதிகம் இருந்தது கட்டணப் பள்ளிகளில். லாபம் அந்தப் பக்கம் போயிற்று.

"சரி, உன்னைக் கூப்பிட்டு வேற வழி சொல்லுன்னா என்ன சொல்லுவே?" என்றேன். அங்கே வண்டி நின்றுவிட்டது. "நியாயமா இருக்கணும்" என்றாள். எப்படி என்றேன். "எல்லாரையும் சமமா..." என்று இழுத்தாள். மேடையில் இதற்குக் கைதட்டுவார்கள். வேலை கொடுப்பவர், எந்த அளவுகோல், எத்தனை பேருக்குப் பிழை வரும், அந்தப் பிழை யார் தலையில் விழும் என்று கேட்பார். அதற்குப் புள்ளியியல் வேண்டும். அவளிடம் இப்போது இருப்பது பாதி. நல்ல பாதி, கிடைப்பதற்கு அரிய பாதி. மறு பாதியைப் படித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே என் யோசனை. 'ஏஐ நெறிமுறை', 'தொழில்நுட்பமும் சமூகமும்' என்று பெயர் வைத்த இளநிலைப் படிப்புகளுக்கு இப்போது ஓட வேண்டாம். நல்ல படிப்புகள் சில இருக்கலாம். ஆனால் பதினேழு வயதில் அதில் நுழைந்தால் எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்ந்துவிட்டு வெளியே வரும் ஆபத்து அதிகம். முதலில் ஏதாவது ஒன்றில் வேர் பிடிக்கட்டும்: புள்ளியியல், உயிரியல், சட்டம், பொருளாதாரம், கணினி, எதுவானாலும் சரி. என்னைக் கேட்டால் அவளுக்குப் புள்ளியியல். கணக்கு வரும், ஆனால் பிடிக்காது என்று சொன்னாள். அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் தரம் மாதிரிக் கேள்விகளோடு சேர்த்துக் கொடுத்தால் பிடிக்கும் என்று நினைக்கிறேன், என் கணிப்பு தவறவும் கூடும். விருப்பப் பாடமாகத் தத்துவமோ சமூகவியலோ எடுக்க இடம் தரும் கல்லூரியாகப் பாருங்கள். சமூகப் பக்கத்தை முதுநிலையில் முழுசாக எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் மனம் மாறினால் நட்டமில்லை, புள்ளியியல் படித்தவளுக்குப் போக இடம் பல உண்டு.

ஆறு வாரச் சான்றிதழ் விற்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். பாடத்திட்டத்தைக் கேளுங்கள். ஒரு சட்டத்தின் மூல வாசகத்தையாவது, ஒரு தரவுத்தொகுப்பையாவது பிள்ளை கையால் தொட்டு வேலை செய்வாளா என்று கேளுங்கள். காணொலி மட்டும் என்றால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். ஐரோப்பிய ஏஐ சட்டத்தில் அடியோடு தடை செய்யப்பட்ட பயன்பாடுகளின் பகுதி சில பக்கம்தான். அதைப் படித்து, அதில் ஒரு தடையை எதிர்த்து இரண்டு பக்கம் எழுத வேண்டும். மேடையில் அவள் எப்போதும் கட்டுப்பாடு வேண்டும் என்ற கட்சிதான், அதனால் வேண்டுமென்றே எதிர்க்கட்சியில் நிறுத்தியிருக்கிறேன். வாசகம் வறட்டு நடை, கொட்டாவி வரும். அதைத் தாண்டி அவள் எழுதி முடிக்கிறாளா என்று பார்க்கத்தான் கொடுத்தேன். நீங்கள் உதவ வேண்டாம், ஏஐயும் உதவ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை அவள் கேட்பாளா என்பது எனக்கும் சந்தேகம்தான். அடுத்த சந்திப்புக்கு அந்த இரண்டு பக்கத்தோடு வரட்டும், நீங்களும் கூட வாருங்கள். அவளுடைய கடைசி மூன்று கணக்குத் தேர்வின் விடைத்தாள்களையும் எடுத்து வாருங்கள். மதிப்பெண் எனக்கு வேண்டாம், எந்த இடத்தில் தப்பு செய்கிறாள் என்று பார்க்க வேண்டும்.