வெயிலில் ஆர்கன் சுருதி ஏறினால் குழாயை வெட்ட வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஆலயத்தில் பிரிட்டிஷ் காலத்துப் பைப் ஆர்கன் ஒன்று இருக்கிறது. டிசம்பரில் கீபோர்டோடு அழகாகச் சேர்கிறது. ஏப்ரல், மே வந்தால் கீபோர்டைவிட ஆர்கன் சுருதி ஏறி நிற்கிறது. பார்க்க வந்த ஒருவர், "சூட்டில் குழாய் நீண்டுவிட்டது, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வெட்ட வேண்டும். மரக்குழாய்கள் பலவற்றில் வாய் அடைத்துக் கிடக்கிறது, அதையும் திறந்துவிட வேண்டும். மொத்தமாகக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போகிறேன்" என்கிறார். சேகரக் கமிட்டி முன்பணம் கொடுக்கத் தயார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் குழாய்கள் ஆலயத்தை விட்டு வெளியே போகும் முன் நிறுத்துங்கள்.

முதலில் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்வோம். குழாய் நீண்டால் சுருதி இறங்க வேண்டும். புல்லாங்குழலில் துளைகளை மூட மூட ஸ்வரம் இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உங்கள் ஆர்கனிலோ சுருதி ஏறியிருக்கிறது. அப்படியானால் நோய் அவர் சொன்னது இல்லை. மருந்து அதைவிட மோசம்: குழாயை வெட்டினால் சுருதி இன்னும் ஏறும். வெட்டிய பிறகு டிசம்பரிலும் சேராது. ஈயமும் தகரமும் கலந்த அந்தக் குழாய் சூட்டில் விரிவது உண்மைதான். ஆனால் எவ்வளவு? இரண்டரை மீட்டர் குழாய் 10 டிகிரி சூட்டுக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம் நீளும். எந்தக் காதுக்கும் அது தெரியாது.

மாறுவது உள்ளே இருக்கும் காற்று. ஆர்கனில் பாடுவது உலோகம் இல்லை, குழாய்க்குள் நிற்கும் காற்றுத் தூண். குழாயின் கீழே உதடு மாதிரி ஒரு வெட்டு இருக்கிறதல்லவா, அங்கே காற்று மெல்லிய தகடாகப் பீறிட்டு மேலுதட்டின் விளிம்பில் மோதுகிறது. மோதியது ஒருமுறை குழாய்க்குள்ளே சாயும், அடுத்த முறை வெளியே சாயும். ஒவ்வொரு சாய்வும் உள்ளே இருக்கும் காற்றுக்கு ஒரு தள்ளு. அந்தத் தள்ளு அலையாக மேல்முனை வரை போய், அங்கே திறந்திருந்தாலும்கூட, ஒரு பகுதி திரும்பி வருகிறது. போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது சில இடங்களில் காற்று அசையாமல் நிற்கும், சில இடங்களில் பலமாக ஆடும். பள்ளிப் புத்தகத்தில் நிலை அலை என்று படித்தது இதைத்தான். ஊஞ்சலைத் தள்ளுபவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அது தன் சங்கிலி நீளத்துக்கு ஏற்ற நேரத்தில்தானே திரும்பி வரும்? அதுபோல, உதட்டில் காற்று எத்தனை முறை சாய வேண்டும் என்பதைக் குழாயின் நீளமே தீர்மானிக்கிறது. காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் சுருதி கொஞ்சம் நகரும். ஆனால் குரல் கெடும். அந்த யோசனையோடு யாராவது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இருபுறமும் திறந்த குழாயில் அரை அலை அடங்கும். எந்தக் குழாய் வரிசை பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இழுக்கும் குமிழ்கள் உங்கள் ஆர்கனில் இருக்கும், அவற்றில் 8 என்று எழுதியிருக்கும். கடைசி இடது கட்டையை அழுத்தினால் பேசும் குழாய் ஏறக்குறைய 8 அடி என்று அதற்குப் பொருள். நொடிக்கு சுமார் 65 அதிர்வு.

நீளம் அப்படியே இருக்க, சூட்டில் காற்றில் ஒலி ஓடும் வேகம் கூடுகிறது. 24 டிகிரியில் நொடிக்கு சுமார் 345 மீட்டர், 34 டிகிரியில் 351. அலை சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புகிறது, அதிர்வு கூடுகிறது. நொடிக்கு 440 அதிர்வில் (ஹெர்ட்ஸ் என்பது இதுதான்) நிற்க வேண்டிய ஏ ஸ்வரம் 447-க்குப் போய்விடும். அரைஸ்வரத்தில் கால் பங்குக்கு மேல். கீபோர்டில் இருப்பது மின்சுற்று, அதற்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அது 440-லேயே நிற்கும். சண்டை அங்கேதான்.

நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். போனில் ஒரு டியூனர் செயலி, குழாய்களின் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர், இவை போதும். ஒரே 8 அடிக் குமிழை இழுத்து, அதே ஏ கட்டையைக் காலையிலும் மதியமும் அழுத்தி எழுதிவையுங்கள். டிகிரிக்கு முக்கால் ஹெர்ட்ஸ் வீதம் ஏறினால் விஷயம் முடிந்தது. அந்தத் தாளைக் கமிட்டியில் வையுங்கள்.

சரி, 'அடைத்துக் கிடக்கிற' மரக்குழாய்கள். இதைப் படித்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. அது அடைப்பு இல்லை ஐயா, அதுதான் அந்தக் குழாயின் உயிர். குழாயின் மேல்முனையை மூடும் தோல் சுற்றிய மரமூடி, மேலே பிடிக்க ஒரு கைப்பிடி. மூடிய குழாயில் கால் அலைதான் அடங்கும் என்பதால் 4 அடிக் குழாய் 8 அடிக்குழாயின் ஸ்வரத்தைக் கொடுக்கும். இடமும் மிச்சம், பொருளும் மிச்சம். அடிப்படை அதிர்வோடு மூன்று, ஐந்து, ஏழு மடங்குகள்தான் அதில் ஓங்கிக் கேட்கும், அதனால் குரலும் குழைந்து இருட்டாக வரும். பழைய பிரிட்டிஷ் ஆர்கன்களில் ஸ்டாப்டு டயபேசன் என்ற குமிழ் இந்தக் குடும்பம். அந்த மூடியைப் பிடுங்கினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே தாவும். ஒரு துண்டு கண்டியூட் பைப்பை எடுத்து விளிம்பில் ஊதிப் பாருங்கள், பிறகு அடியை உள்ளங்கையால் மூடி ஊதுங்கள். இவ்வளவுகூடத் தெரியாதவர் கையில் ஆர்கனைக் கொடுக்கலாமா?

தெரிந்தேகூடச் சொல்லியிருக்கலாம். குழாய்களில் இருக்கும் ஈயத்துக்கும் தகரத்துக்கும் பழைய உலோகக் கடையில் நல்ல விலை உண்டு. 'பட்டறைக்கு எடுத்துப் போகிறேன்' என்றாலே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். போவதாக இருந்தால் ஒவ்வொரு குழாயிலும் பொறித்திருக்கும் எழுத்தோடு படம் எடுத்து, எண்ணி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் போக வேண்டும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து வருபவர் அதைக் காட்டித்தான் காசு கேட்பார். டிரம்பெட், ஓபோ என்று பெயர் போட்ட குமிழ்கள் ரீட் வகை. அவற்றின் அடியில் பித்தளை நாக்கு ஒன்று படபடக்கிறது. ஒரு வளைந்த கம்பி அந்த நாக்கை அழுத்திப் பிடித்து, ஆடும் நீளத்தை முடிவு செய்கிறது. சுருதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த நாக்கு, மேலே இருக்கும் குழாய் அதற்குத் துணை. ஆகவே வெயிலில் மற்ற குழாய்கள் ஏறும்போது ரீட்கள் கூடவே அவ்வளவு ஏறாது. கேட்பவருக்கு ரீட் இறங்கிவிட்டதுபோலத் தோன்றும். 'ரீட் எல்லாம் போச்சு, புதுசு போடணும்' என்பார்கள். ஒன்றும் போகவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: நகர்ந்தவை மற்றவை, நின்றது ரீட். நின்றதை நகர்ந்தவற்றோடு சேர்ப்பதுதான் சுலபம். கம்பியை லேசாகத் தட்டினால் போதும், பழக்கப்பட்டவர் ஒரு மதியத்தில் ரீட் வரிசை ஒன்றை முடித்துவிடுவார்.

மற்ற குழாய்களை வெயிலுக்கு வெயில் டியூன் செய்யவே கூடாது. சிறிய உலோகக் குழாய்களின் மேல்முனை வாயில் பித்தளைக் கூம்பால் தட்டி, விரித்தால் சுருதி ஏறும், குவித்தால் இறங்கும். ஒவ்வொரு தட்டுக்கும் வாய் கொஞ்சம் நைந்துபோகும். நல்ல டியூனர் குழாயைக் கையால் தொடவே யோசிப்பார். விரல் சூடு பட்டாலே சுருதி ஏறிவிடும், அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

நம் கமிட்டிகளுக்கு இது புரிவதில்லை. மூன்று கொட்டேஷன், அதில் குறைந்தது, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவசர அவசரமாக ஒரு டியூனிங், அதோடு அடுத்த டிசம்பர். செயலாளர் மாறினால் பழைய ஃபைலும் காணாமல் போகும். ஏசி போட நன்கொடை கிடைக்கும், குழாய்க்குள் இருக்கும் குளவிக்கூட்டைச் சுத்தம் செய்ய ஆயிரம் ரூபாய் கிடைக்காது. அந்த ஏசியையும் ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்பு போடுவார்கள். கீழே இருக்கும் குழாய்கள் குளிர்ந்துவிடும், மேலே பெட்டிக்குள் இருப்பவை சூடாகவே நிற்கும், ஒரே ஆர்கனுக்குள் இரண்டு சுருதி. போடுவதானால் காலையிலேயே போடுங்கள், அல்லது போடாதீர்கள்.

இந்த மே மாதத்துக்கு உங்களுக்குச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. நிறைய கீபோர்டுகளில் மாஸ்டர் டியூன் என்று ஒரு அமைப்பு உண்டு. ஆராதனைக்கு முன் ஆர்கனின் ஏ ஸ்வரத்தை அளந்து, கீபோர்டை அதற்கு ஏற்றிவையுங்கள், 446 என்றால் 446. முடிந்ததும் 440-க்குத் திருப்பிவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மாலையில் கல்யாணத்துக்கு வாசிக்க வரும் கிட்டார்காரர் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்.